கேப்டன் ஹெச். வெரிட்டி

சேப்பாக்கத்தில் நடந்த முதல் டெஸ்ட் போட்டி எது என்று கேட்டால் கிரிக்கெட் பித்துப் பிடித்தவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள்: 1934 பிப்ரவரி, இந்தியா – இங்கிலாந்து. இங்கிலாந்துக்கு டக்ளஸ் ஜார்டின் தலைவர், இந்தியாவுக்கு சி.கே. நாயுடு. அமர் சிங் ஒரே இன்னிங்ஸில் ஏழு விக்கெட் எடுத்தார். நம்மவர் பெருமையாகச் சொல்லிக்கொள்வது அதைத்தான். ஆனால் அந்தப் போட்டியை முடித்துவைத்தவர் வேறொருவர். முதல் இன்னிங்ஸில் 49 ரன்னுக்கு 7, இரண்டாவதில் 104 ரன்னுக்கு 4. மொத்தம் பதினொரு விக்கெட். இங்கிலாந்து 202 ரன் வித்தியாசத்தில் ஜெயித்தது. உயரமான, அதிகம் பேசாத, இடதுகையால் சுழல் வீசுகிற அந்த யார்க்‌ஷயர்க்காரரின் பெயர் ஹெட்லி வெரிட்டி.

வெரிட்டி பற்றிப் பேசுகிறவர்கள் இரண்டு விஷயங்களோடு நிறுத்திக்கொள்வார்கள். ஒன்று, பத்து ரன் கொடுத்துப் பத்து விக்கெட் எடுத்தது. இன்னொன்று, போரில் செத்துப்போனது. இரண்டுக்கும் நடுவே ஒரு முழு வாழ்க்கை இருக்கிறது. அந்த வாழ்க்கையைப் புரிந்துகொள்ள, அந்தக் கால இங்கிலீஷ் கிரிக்கெட்டில் ஒருவருடைய இனிஷியலை எங்கே போடுவது என்பதற்கு இருந்த வழக்கத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இனிஷியல் என்றால் நமக்குத் தெரியும். அப்பா பேரின் முதல் எழுத்து, நம்ம பேருக்கு முன்னால் வரும். அதில் மேல் கீழ் கிடையாது. ஆனால் அன்றைய இங்கிலீஷ் ஸ்கோர்கார்டில் மேல் கீழ் இருந்தது. கிரிக்கெட் ஆடுகிறவர்கள் இரண்டு வகை. காசு வாங்காமல் ஆடுகிற அமெச்சூர், கூலிக்கு ஆடுகிற புரொஃபஷனல். அமெச்சூர் என்றால் கனவான். அவர் பெயருக்கு முன்னால் இனிஷியல் வரும், சில இடங்களில் ‘மிஸ்டர்’ என்றும் சேரும். புரொஃபஷனல் வெறும் வெரிட்டி, வெறும் லார்வுட். இனிஷியல் போட்டே ஆக வேண்டுமென்றால் பெயருக்குப் பின்னால் போடுவார்கள். உடை மாற்றும் அறை வேறு, பல மைதானங்களில் உள்ளே வரும் வாசலே வேறு. வருஷா வருஷம் லார்ட்ஸ் மைதானத்தில் ‘ஜென்டில்மென்’ ஒரு பக்கம், ‘பிளேயர்ஸ்’ ஒரு பக்கம் என்று போட்டியே நடக்கும். எல்லாவற்றுக்கும் மேலே எழுதப்படாத ஒரு விதி உண்டு: தலைவர் அமெச்சூராகத்தான் இருக்க வேண்டும்.

வெரிட்டி பிறந்தது 1905 மே 18, லீட்ஸ் நகரத்தின் ஹெடிங்லி பகுதியில். புகழ்பெற்ற மைதானத்துக்குப் பக்கத்திலேயே வீடு. அப்பா நிலக்கரி வியாபாரத்தில் இருந்தவர், பக்தியான குடும்பம். பையன் பதினாலு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அப்பாவோடு வேலைக்குப் போனான். மனசு முழுக்க கிரிக்கெட். உள்ளூர்க் குழுக்களில் ஆடிவிட்டு, பக்கத்து மாவட்டமான லங்காஷயரில் லீக் ஆட்டங்களுக்குக் கூலிக்குப் போனார். அப்போது அவர் வீசியது சுழல் இல்லை, இடதுகை மித வேகம். சுமாராகத்தான் போனது. 1928இல் வார்விக்‌ஷயர் கௌண்டியில் ஒரு தேர்வுக்குப் போனார். ‘வேண்டாம்’ என்று அனுப்பிவிட்டார்கள்.

யார்க்‌ஷயரில் அன்று இடதுகைச் சுழல் என்பது ஒரு பரம்பரைச் சொத்து மாதிரி. டெட் பீட், பாபி பீல், அப்புறம் வில்ஃப்ரெட் ரோட்ஸ். ரோட்ஸ் வாழ்நாளில் எடுத்த விக்கெட்டுகள் நாலாயிரத்துக்கும் மேல், இன்றுவரை யாரும் கிட்டே போகவில்லை. ஆனால் அவருக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. அவருக்குத் துணையாக இருந்த ராய் கில்னர் 1928இல் இந்தியாவில் பயிற்சி கொடுக்கப் போய், காய்ச்சலோடு ஊர் திரும்பிச் செத்துப்போனார். ஆக அந்த இடம் காலியாகப் போகிறது என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. வெரிட்டிக்கும் தெரிந்தது. இருபத்து மூணு, இருபத்து நாலு வயதில், பழகிய வேகத்தை விட்டுவிட்டு முதலிலிருந்து சுழல் கற்றுக்கொள்ள உட்கார்ந்தார். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வீணை வாசித்துப் பெயர் வாங்காத ஒருத்தர், மிருதங்க வித்வான் ஓய்வு பெறப்போகிறார் என்று கேள்விப்பட்டு மிருதங்கம் கற்கப் போகிற மாதிரி. அது பலித்தது என்பதுதான் ஆச்சரியம்.

1930இல் யார்க்‌ஷயருக்கு ஆடத் தொடங்கினார். ரோட்ஸுக்கு அதுதான் கடைசி சீசன். அந்த வருஷம் வெரிட்டி எடுத்தது 64 விக்கெட், சராசரி 12.42. அடுத்த வருஷம் தன் இருபத்தாறாவது பிறந்தநாளன்று ஹெடிங்லியில் 36 ரன் கொடுத்து ஓர் இன்னிங்ஸின் பத்து விக்கெட்டையும் எடுத்தார். எதிரணி? ‘வேண்டாம்’ என்று அனுப்பிய அதே வார்விக்‌ஷயர்.

1932 ஜூலை 12. அதே ஹெடிங்லி. எதிரில் நாட்டிங்ஹாம்ஷயர். மழை பெய்திருந்தது. யார்க்‌ஷயர் 71 ரன் பின்தங்கியிருக்கும்போதே 163க்கு 9 என்று டிக்ளேர் செய்துவிட்டது. ஏன்? இங்கேதான் அன்றைய ஆட்டத்தின் சூட்சுமம் இருக்கிறது. அப்போதெல்லாம் ஆட்டம் தொடங்கிவிட்டால் பிட்சை முழுசாக மூடமாட்டார்கள். மழை பெய்தால் பெய்ததுதான். நனைந்த மண்ணின் மேல் வெயில் விழுந்து காயும்போது மேலே லேசாக ஓடு கட்டும், அடியில் ஈரம் நிற்கும். பந்து அந்த ஓட்டைக் குத்திக் கிளப்பும். ஒரு பந்து முகத்துக்கு எகிறும், அடுத்தது அப்படியே நின்று வரும், இன்னொன்று ஒரு முழம் திரும்பும். அந்த ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்குள் எதிரணியை மட்டை பிடிக்க வைத்துவிட வேண்டும். அதற்குத்தான் அந்த டிக்ளேர்.

உணவு இடைவேளையின்போது நாட்டிங்ஹாம்ஷயர் விக்கெட் இழக்காமல் 38. அப்புறம் 67க்கு எல்லாரும் காலி. வெரிட்டியின் கணக்கு: 19.4 ஓவர், 16 மெய்டன், 10 ரன், 10 விக்கெட். நடுவில் ஒரு ஹாட்ரிக். கடைசிப் பதினைந்து பந்துகளில் மட்டும் மூணு ரன்னுக்கு ஏழு விக்கெட். முதல்தர கிரிக்கெட்டில் பத்து விக்கெட்டையும் இதைவிடக் குறைந்த ரன்னில் எவரும் எடுத்ததில்லை. தொண்ணூறு வருஷம் தாண்டியும் அந்தச் சாதனை அப்படியே நிற்கிறது. இனி உடையவும் உடையாது, ஏனென்றால் அந்த மாதிரி பிட்சே இப்போது இல்லை.

இதையே அவருக்கு எதிராகவும் சொல்வார்கள். ‘ஈரத்தில் யார் போட்டாலும் விழும், மழை பெய்தால் வெரிட்டி ராஜா, வெயில் அடித்தால் சாதாரணம்.’ 1934 லார்ட்ஸ் டெஸ்டையும் இந்தக் கணக்கிலேயே சேர்ப்பார்கள். அங்கே சனிக்கிழமை முடிவில் ஆஸ்திரேலியா 2 விக்கெட்டுக்கு 192. ஞாயிற்றுக்கிழமை மழை. திங்கட்கிழமை ஒரே நாளில் வெரிட்டி எடுத்தது 14 விக்கெட். ஏழே ஏழு ரன்னில் ஃபாலோ ஆனைத் தவறவிட்ட ஆஸ்திரேலியா அன்றைக்கே இரண்டாவது முறையும் ஆடி முடித்துவிட்டது. போட்டியில் மொத்தம் 104 ரன்னுக்கு 15 விக்கெட். லார்ட்ஸில் ஆஸ்திரேலியாவை இங்கிலாந்து அடுத்து வீழ்த்தியது 2009இல்தான். எழுபத்தைந்து வருஷ இடைவெளி.

சரி, மழையின் புண்ணியம் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் பிராட்மேனை என்ன செய்வது? டெஸ்ட் போட்டிகளில் பிராட்மேனை அதிக முறை அவுட் ஆக்கியவர் வெரிட்டிதான், எட்டு முறை. அந்த லார்ட்ஸ் போட்டியிலேயே முதல் இன்னிங்ஸில் பிராட்மேன் விழுந்தது சனிக்கிழமை, மழைக்கு முன்னால், நல்ல பிட்சில், வெரிட்டியின் கைக்கே கேட்ச் கொடுத்து. பிராட்மேன் மற்றவர்களைத் துவைத்துக் காயப்போட்ட அதே காய்ந்த ஆஸ்திரேலிய மண்ணில் வெரிட்டி ஓவர் மேல் ஓவராகப் போட்டார். அங்கே அவர் வேலை விக்கெட் எடுப்பதைவிடக் கட்டிப்போடுவது. சுழல் வீச்சாளருக்கு அவர் ஓட்டம் நீளம், பந்தின் வேகமும் அதிகம். ஏறி வந்து அடிக்க நேரம் கொடுக்கமாட்டார். வேகத்தில், உயரத்தில், விழுகிற இடத்தில் துளித்துளியாக மாற்றுவார். பார்க்கிறவருக்கு ஆறு பந்தும் ஒன்றே மாதிரி இருக்கும். மட்டை பிடித்தவருக்குத்தான் தெரியும், ஒன்றுகூட இன்னொன்று மாதிரி இல்லை என்று. நாற்பது டெஸ்டில் 144 விக்கெட், சராசரி 24.37. இது மழை மட்டும் கொடுத்த எண் இல்லை.

1932–33இல் ஆஸ்திரேலியா போன ‘பாடிலைன்’ அணியில் வெரிட்டி இருந்தார். ஜார்டின் லார்வுட்டை வைத்து உடம்பைக் குறிபார்த்து வீசவைத்தார் என்று இரண்டு நாட்டு உறவே கெட்ட தொடர். அதில் வெரிட்டியின் பெயர் அதிகம் அடிபடாது. லார்வுட் மூச்சு வாங்கும்போது மறுமுனையில் ரன் போகாமல் பார்த்துக்கொண்டது அவர். அடிலெய்டில் நிலைமை மோசமாக இருந்தபோது மட்டை பிடித்து 45 அடித்ததும் அவர். சிட்னியில் கடைசி டெஸ்டில் 33 ரன்னுக்கு 5 விக்கெட்.

ஜார்டினுக்கும் வெரிட்டிக்கும் இருந்த உறவு விசித்திரமானது. ஜார்டின் பம்பாயில் பிறந்தவர், அப்பா அங்கே அட்வகேட் ஜெனரல். வின்செஸ்டர், ஆக்ஸ்ஃபோர்டு என்று படித்து வந்த முழுக் கனவான். வெரிட்டி நிலக்கரி வியாபாரி வீட்டுப் பிள்ளை. ஆனால் வெரிட்டி தன் மூத்த மகனுக்கு வில்ஃப்ரெட் என்று ரோட்ஸின் பெயரை வைத்தார், இளையவனுக்கு டக்ளஸ் என்று ஜார்டினின் பெயரை. ஒருவர் தொழிலில் முன்னோடி, மற்றவர் தலைவர். இந்த இரண்டு பெயரிலும் அவர் மனசு தெரிகிறது. ஏற்றத்தாழ்வை எதிர்த்துப் பேசிய ஆள் இல்லை அவர். தன் வேலையைத் தெரிந்தவர், வேலை தெரிந்த மற்றவரை மதித்தவர். ஜார்டினுக்குக் கடைசி டெஸ்ட் சேப்பாக்கம்தான். பதினொரு விக்கெட்டோடு தலைவருக்கு விடைகொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

யார்க்‌ஷயர் பக்கம் வருவோம். வெரிட்டி ஆடிய பத்து சீசனில் ஏழு முறை கௌண்டி சாம்பியன் பட்டம் அவர்களுக்கு. 1935, 36, 37 என்று மூணு வருஷமும் தொடர்ந்து இருநூறுக்கு மேல் விக்கெட் எடுத்தார். ஆட்டத்தை இவரைப்போலப் படித்தவர்கள் அணியில் சிலர்தான். ஆனால் தலைவர் பதவி? அது பிரையன் செல்லர்ஸ் என்ற அமெச்சூருக்கு. மட்டையில் அவர் சராசரி சுமார் 23. நல்ல தலைவர்தான், யாரும் மறுக்கவில்லை, பட்டங்களே சாட்சி. நான் சொல்ல வருவது அவர் தகுதியைப் பற்றி இல்லை. வெரிட்டி அந்த வரிசையில் நிற்கக்கூட முடியாது என்பதைப் பற்றி. நூற்றுக்கணக்கான ஆட்டம் ஆடலாம், ஆயிரக்கணக்கான ஓவர் வீசலாம், ஃபீல்டர் எங்கே நிற்க வேண்டும் என்று தலைவரின் காதில் சொல்லலாம். தலைவர் ஆக முடியாது.

1938இல் மியூனிக் ஒப்பந்த நேரம். போர் தள்ளிப்போயிருக்கிறது, அவ்வளவுதான் என்று வெரிட்டி முடிவு கட்டிவிட்டார். கிரீன் ஹோவர்ட்ஸ் என்ற யார்க்‌ஷயர் படைப்பிரிவின் அதிகாரி ஒருவரைப் போய்ப் பார்த்து, என்ன செய்யலாம் என்று கேட்டார். அவர் சில ராணுவப் புத்தகங்களைக் கொடுத்து இப்போதைக்குப் படி என்றார். அந்தக் குளிர்காலத்தில் தென்னாப்பிரிக்கப் பயணத்துக்கு வெரிட்டி அந்தப் புத்தகங்களையும் எடுத்துக்கொண்டு போனார். டர்பனில் முடிவே இல்லாமல் பத்து நாள் ஆடி, கப்பலுக்கு நேரமாகிவிட்டதால் பாதியில் விட்ட டெஸ்ட் நடந்தது அந்தப் பயணத்தில்தான். அதில் வெரிட்டி மட்டும் போட்டது 766 பந்து. எடுத்தது நாலே விக்கெட். சுழல் கற்றுக்கொண்ட அதே முறைதான் இதிலும். என்ன வரப்போகிறது என்று பார்ப்பது, அதற்கு முன்கூட்டியே உட்கார்ந்து படிப்பது.

1939 ஆகஸ்ட் கடைசி. யார்க்‌ஷயர் ஹோவ் நகரத்தில் சசெக்ஸோடு ஆடிக்கொண்டிருந்தது. சசெக்ஸின் ஜிம் பார்க்ஸுக்கு நிதி திரட்டும் ஆட்டம் என்பதால் நடுவில் நிறுத்த மனசு வரவில்லை. செப்டம்பர் 1 காலையில் ஜெர்மன் படை போலந்துக்குள் நுழைந்துவிட்டது. இங்கே மழையில் நனைந்த பிட்ச் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. வெரிட்டி ஆறு ஓவர் போட்டார். ஒன்பது ரன், ஏழு விக்கெட். சசெக்ஸ் 33க்கு ஆல் அவுட். வேண்டிய சொச்ச ரன்னை அடித்துவிட்டு யார்க்‌ஷயர் அணி பஸ் ஏறியது. ஊர் ஊராக விளக்கு அணைத்திருந்த இருட்டில் வடக்கே பயணம். லீட்ஸ் வந்து ஆளாளுக்குக் கைகொடுத்துப் பிரிந்தார்கள். அந்த அணி அதன்பின் அதே ஆட்களோடு சேரவே இல்லை. வெரிட்டியின் கணக்கு 1956 விக்கெட்டோடு, 14.90 சராசரியோடு நின்றது.

அவருக்கு அப்போது முப்பத்து நாலு வயது, இரண்டு சின்னப் பையன்கள். கிரிக்கெட்டில் பேர் பெற்றவர்களுக்கு உடற்பயிற்சி ஆசிரியர் மாதிரி பாதுகாப்பான வேலைகள் ராணுவத்தில் கிடைத்தன. வெரிட்டி காலாட்படையைத் தேர்ந்தெடுத்தார். கிரீன் ஹோவர்ட்ஸில் அதிகாரி ஆனார். படிப்படியாக உயர்ந்து கேப்டன் ஆனார். ஒரு கம்பெனி வீரர்கள் அவர் பொறுப்பில். 1942இல் அவருடைய படை மறுபடியும் இந்தியாவுக்கே வந்தது. ராஞ்சியில் இருந்தபோது சீதபேதியில் மோசமாகப் படுத்துவிட்டார். அங்கிருந்து பாரசீகம், மேற்கு ஆசியா, எகிப்து. 1943 ஜூலையில் சிசிலித் தீவு.

ஜூலை 19 இரவு கட்டானியா சமவெளியில் தாக்குதல். எதிரில் ஜெர்மானியர்கள். விளைந்து நின்ற கதிர்கள் வழியாகத்தான் முன்னேற வேண்டும். அவை தீப்பிடித்துக்கொண்டன. அந்த வெளிச்சத்தில் எதிரிக்கு எல்லாம் தெரிந்தது. வெரிட்டியின் நெஞ்சில் காயம். தன்னை விட்டுவிட்டு முன்னேறுங்கள், அந்தப் பண்ணை வீட்டைப் பிடியுங்கள் என்று தன் ஆட்களிடம் சொன்னதாக உடன் இருந்தவர்கள் பிறகு சொன்னார்கள். படை பின்வாங்க நேர்ந்தது. அவருடைய உதவியாளர் மட்டும் அவரோடு தங்கிவிட்டார். ஜெர்மானியர் இருவரையும் பிடித்தனர். காயத்தோடு கடல் கடத்தி இத்தாலிக்குக் கொண்டுபோய், கடைசியில் நேப்பிள்ஸுக்குப் பக்கத்தில் கசெர்த்தா ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். விலா எலும்பில் அறுவைச் சிகிச்சை நடந்தது. அதற்குப் பின் ரத்தப்போக்கு நிற்கவில்லை. ஜூலை 31 அன்று இறந்தார். வயது 38.

யார்க்‌ஷயரில் அவரோடு மறுமுனையில் பந்து வீசிய நெருங்கிய நண்பர் பில் போவ்ஸ். டோப்ருக்கில் பிடிபட்டு அவரும் அப்போது இத்தாலியில் போர்க்கைதி. முகாமில் இருக்கும்போதுதான் இந்தச் செய்தி அவரிடம் போய்ச் சேர்ந்தது.

போருக்குப் பிறகு என்ன ஆனது? 1952இல் லென் ஹட்டன் இங்கிலாந்தின் தலைவர் ஆனார். அந்த நூற்றாண்டில் முறையாக நியமிக்கப்பட்ட முதல் புரொஃபஷனல் தலைவர். அவரும் யார்க்‌ஷயர்க்காரர், வெரிட்டிக்குப் பின்னால் வந்த தம்பி. 1954இல் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலில் போகும் வழியில் ஹட்டனின் அணியினர் நேப்பிள்ஸில் இறங்கி, வெரிட்டி கல்லறைக்குப் போய்வந்தார்கள். யார்க்‌ஷயருக்கு ஒரு புரொஃபஷனல் தலைவர் வர 1960 ஆயிற்று. அமெச்சூர், புரொஃபஷனல் என்கிற பிரிவையே 1962இல் எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து எல்லாரும் வெறும் கிரிக்கெட் ஆட்டக்காரர்கள்.

வெரிட்டிக்கு வருத்தம் இருந்ததா என்று கேட்டால், அவர் அப்படி எதையும் பேசிவைத்துவிட்டுப் போகவில்லை. வருத்தப்படவே தோன்றாத அளவுக்கு அந்த ஏற்பாடு இயல்பாக இருந்திருக்கலாம். நம் ஊரில் எத்தனை ஏற்பாடுகள் அப்படி இருந்தன, இருக்கின்றன. அதனால் இதைப் பார்த்து இங்கிலீஷ்காரனை மட்டும் குறை சொல்ல நமக்கு வாய் இல்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை. பத்து வருஷம் ஆடி, உலகத்தின் தலைசிறந்த மட்டையாளரை எட்டு முறை வீழ்த்தியும் கிரிக்கெட் கொடுக்காத ‘கேப்டன்’ என்ற சொல்லை ராணுவம் சில வருஷத்தில் கொடுத்துவிட்டது. போரில் சாகவேண்டிய ஆட்கள் நிறையத் தேவைப்பட்டதால், யார் எந்த வாசல் வழியாக வந்தார்கள் என்று பார்க்க அங்கே நேரம் இல்லாமல் போயிருக்கும்.

கசெர்த்தாவில், போரில் இறந்த மற்றவர்களுக்கு வைத்த அதே அளவு வெள்ளைக் கல்தான் அவருக்கும். படைப்பிரிவின் சின்னம், தேதி, வயது. போர்க் கல்லறைகளில் எல்லாருக்கும் ஒரே முறை, சிப்பாய்க்கும் தளபதிக்கும். முதலில் பதவி, பிறகு பெயர். இனிஷியல் பெயருக்கு முன்னால் இருக்கிறது.